நாடோறும் நற்பணி

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருச்சிற்றம்பலம்



கோபுரத்தின் மேல் ஒரு பறவை வந்து அமர்கின்றது. அது தின்ற ஆலம்பழத்தின் விதை, கடுகினும் சிறியது, எச்சத்தோடு சுதையின் வெடிப்பில் விழுகின்றது. ஒரு மழை பெய்தவுடன் விதை முளைக்கின்றது. முதல் திங்களில் அஃது இரண்டு இலைகளையுடைய இளஞ்செடி. இரண்டு விரல்களால் பற்றி இழுத்தால் வேரோடு வந்துவிடும். அதனைக் காண்பார் உளர், எடுப்பார் இலர். மூன்றாம் ஆண்டில் வேர் செங்கல்லின் இடுக்குக்குள் புகுகின்றது. பன்னிரண்டாம் ஆண்டில், திருப்பணிக்கென்று சாரம் கட்டி ஆள்களை ஏற்றும்போது, அவ்வேரை எடுக்க வேண்டுமாயின் கல்லையே பெயர்த்தெடுக்க வேண்டிய நிலை வந்துவிடுகின்றது. இரண்டு விரல்கள் செய்திருக்கக்கூடிய வேலைக்கு இலட்சக்கணக்கில் பொருள் செலவாகின்றது.

அந்தச் செடியை ஒருநாள் பிடுங்காமல் விட்டது பெரும்பிழையாகத் தோன்றாது. மறுநாள் விட்டதும் அவ்வாறே. ஒவ்வொரு நாளின் பிழையும் மிகச் சிறியது. ஆதலினாலேயே அஃது எவர் கண்ணிலும் படவில்லை. தீமை இங்ஙனம் சிறுகச் சிறுகச் சேர்வது போலவே நன்மையும் சிறுகச் சிறுகவே சேர்கின்றது. வழிபாட்டுக்கும் வாணிகத்துக்கும் இல்வாழ்வுக்கும் பொதுவான இவ்வுண்மையை, குடமுழுக்குக் கண்டு மகிழும் இந்நன்னாளில் ஒருசிறிது எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும்.

இக்குடமுழுக்கின் உயிர்நிலையான அட்டபந்தனத்தை நோக்குக. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எண்பொருளைக் கூட்டி இடித்துச் செய்யும் மருந்து அது. திருமேனியையும் ஆவுடையாரையும் பிரிவின்றிப் பிணிப்பதும் அதுவே. எட்டுப் பொருள்களையும் ஒருங்கே உரலில் இட்டுவிட்டால் அவை தாமே ஒன்றாகிவிடுவதில்லை. இடிப்பவர் கை ஓயாது இடிக்க வேண்டும். எந்த ஓர் அடியில் அரக்கும் மெழுகும் ஒன்றாயின என்று இடிப்பவராலும் சொல்ல இயலாது. ஆயினும் அடிகள் பல சேர்ந்தபின், பிரித்தறிய முடியாத ஒரு பொருளாக அது திரண்டு நிற்கின்றது. மனிதனுடைய பண்பும் இவ்வாறே அமைகின்றது.

நாவுக்கரசர் பெருமான் ஏழாம் நூற்றாண்டில் தமிழகத்தின் திருக்கோயில்தோறும் சென்று வழிபட்டார். அவருடைய திருக்கையில் விளங்கியது உழவாரப்படை. திருவீதியிலும் திருமுற்றத்திலும் முளைத்த புல்லைச் செதுக்குவதையே அப்பெரியார் தம் தொண்டாகக் கொண்டார். ஒரு புல்லைச் செதுக்குவதில் என்ன பெருமை உண்டு? வெளியே நின்று காண்பவருக்கு ஒன்றுமில்லை. திருப்புகலூரில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெருமான் கூறுமிடத்துத்தான் அதன் பெருமை விளங்குகின்றது. அங்கே இறைவன் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடக்கச் செய்தான். நாவுக்கரசரோ அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒப்ப எண்ணி, வாரி எடுத்து வாவியிலே எறிந்தார்.

பொன்னைக் கண்டவுடன் சிந்தித்து, 'இது வேண்டுமா, வேண்டாவா' என்று தம் மனத்தோடு வழக்காடி, பின்பு துறந்தாரல்லர். நாடோறும் குப்பையை வாரி எறிந்து பழகிய கை அது. ஆதலின் அன்றும் அவ்வாறே வாரி எறிந்தது. பெரிய சோதனை வரும் நாளில் மனிதன் புதியதொரு வலிமையைத் தேடிப் பெறுவதில்லை. முன்னர்ச் சேர்த்து வைத்த வலிமையே அன்று வெளிப்படுகின்றது.

நாகைக் கடற்கரையில் வாழ்ந்த அதிபத்த நாயனாரின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. பரதவர் தலைவராகிய அவர், வலையில் வந்த மீன்களுள் ஒன்றை 'இஃது இறைவனுக்கு' என்று கடலில் விடுவதை நாடோறும் செய்யும் நியமமாகக் கொண்டிருந்தார். வலை நிறைந்த காலத்தில் அஃது ஓர் எளிய செயல். நூறு மீனில் ஒரு மீன் குறைந்தால் யாருக்கு என்ன? ஒருகாலத்து வளம் சுருங்கிற்று. ஒரு நாளைக்கு ஒரு மீனே வலையில் விழுந்தது. அந்த ஒரு மீனையும் விட்டுவிட்டுச் சுற்றத்தோடு பசித்திருந்தார். பின்னொரு நாள் பொன்னும் மணியுமாய் ஒளிவீசும் மீன் ஒன்று வலையில் அகப்பட்டது. அன்றைக்கும் அஃது ஒன்றே மீன். உடனிருந்தோர் வியக்க, அதனையும் இறைவனுக்கென்றே அலைமேல் விட்டார்.

வளமான நாளில் ஒரு மீனை விடாத கை, வறுமை நாளில் பொன்மீனை விடுமோ? 'பெரும்பொருள் வரட்டும், அப்போது பெரிதாகக் கொடுப்போம்' என்று காத்திருப்பவர் பலர். பெரும்பொருள் வந்தபின் அவர் கொடுக்காமற் போவது அவர்தம் வஞ்சகத்தால் அன்று. கொடுக்கும் பழக்கம் கைக்கு இல்லாமையே காரணம். உழக்களவு பொருள் இருந்த காலத்து ஆழாக்குக் கொடுக்க அறியாதவருக்கு, கலம் வந்த காலத்தில் குறுணி கொடுப்பது மலையைத் தூக்குவது போலத் தோன்றும்.

சாக்கிய நாயனார் நாடோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல்லை அன்பினால் இட்டு, அதன் பின்னரே உண்பதை வழக்கமாகக் கொண்டவர். ஒருநாள் அதனை மறந்து உண்ணத் தொடங்கினார். நினைவு வந்ததும் உணவை விட்டெழுந்து விரைந்தோடினார். அவரும் ஒருநாள் மறந்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. மறவாமையினும் மறந்ததை உணர்ந்தவுடன் எழுந்தோடியதே அவரை உயர்த்தியது. நியமம் ஒருநாள் தவறிவிட்டால், 'இனி என்ன, தவறியது தவறியதே' என்று முற்றும் கைவிடுவது மக்கள் இயல்பு. அவ்வியல்புக்கு மருந்தாக இவ்வரலாறு விளங்குகின்றது.

இனி, திருக்கோயிற் கல்வெட்டுகள் கூறும் ஒரு செய்தியைக் காண்போர் நம் முன்னோரின் நுண்ணறிவை வியப்பர். தஞ்சை இராசராசேச்சரம் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய பெருங்கோயில். அங்கு ஒரு திருவிளக்கு எரிவதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று அளவு வகுத்து இடையர்களிடம் ஒப்புவித்தனர். பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இத்தகைய ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகளில் பெயர் வழங்கிற்று. ஆடு சாகாதா? மூப்படையாதா? தனித்தனி ஆடு சாகும், மூப்பும் அடையும். மந்தையில் குட்டிகள் பிறந்துகொண்டே இருத்தலின், இறப்பும் மூப்பும் போக 96 என்னும் எண் என்றும் குறையாது நிற்கும். முதல் அழியாதிருக்க அதன் பயனைக் கொண்டு மட்டும் விளக்கெரிப்பதே அவ்வேற்பாடு. முதலை உண்டுவிட்டு விளக்கைத் தேடுபவன் வாணிகத்தில் நிலைபெறான் என்னும் பாடமும் இதில் அடங்கியுள்ளது.

ஓர் உழக்கு என்பது நாழியில் நான்கில் ஒரு பங்கே ஆகும். ஒருநாளைக்கு அஃது ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆண்டுக்கு 365 உழக்கு எனக் கொண்டால், ஒரு குடமுழுக்குக்கும் அடுத்த குடமுழுக்குக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் 4,380 உழக்கு ஆகின்றது. அஃதாவது 11 கலம், 4 குறுணி, 7 நாழி நெய். ஒருவரை அழைத்து, 'பதினொரு கலம் நெய் கொண்டு வருக' என்றால் அஞ்சி ஒதுங்குவார். 'நாளுக்கு ஓர் உழக்கு அளந்திடுக' என்றால் இசைவார். கொடுப்பவருக்குச் சுமையில்லை, கோயிலுக்கு இருளில்லை.

அக்கோயிலில் வழங்கிய அளவைகளின் பெயரும் நினைக்கத்தக்கது. முகக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். பொன்னை நிறுக்கும் கல்லுக்கும் அப்பெயரே. அம்பலத்தில் ஆடும் பெருமானின் திருநாமம் அது. மரக்காலை எடுக்கும்போதெல்லாம் இறைவன் திருநாமம் நாவில் வர, எவன் துணிந்து குறைத்தளப்பான்? அணிகலன்களை நிறுத்து எழுதியபோதும் கோத்த சரடு முதலியவற்றை நீக்கியே எடையைக் கண்டனர். மாமன்னன் கொடுத்த அணியாயினும், நூலின் எடையைப் பொன்னின் எடையாகக் காட்ட அவர்கள் உடன்படவில்லை.

வணிகர்க்கு இதனினும் சிறந்த உபதேசம் வேறில்லை. தமிழில் 'நாணயம்' என்னும் ஒரு சொல்லே காசையும் குறிக்கின்றது, நேர்மையையும் குறிக்கின்றது. கையில் உள்ள நாணயம் செலவிடச் செலவிடக் குறையும். சொல்லில் உள்ள நாணயம் செலவிடச் செலவிட வளரும். 'மாலையில் தருகின்றேன்' என்று சொன்ன தொகையை மாலையில் தருவதும், தராசுத் தட்டில் விரல் படாதிருப்பதும், சரக்கின் குறையை வாங்குவோர் கேட்பதற்கு முன்னே சொல்லிவிடுவதும் மிகச் சிறிய செயல்களே. இவற்றால் அன்றைய இலாபம் சிறிது குறையவும் கூடும். ஆயின் இருபது ஆண்டு கழித்து அவ்வணிகர் ஓர் ஓலை எழுதினால் போதும், அயலூரான் சரக்கனுப்புவான். கலப்படம் செய்தவனும் ஒரே நாளில் கெடுவதில்லை. ஒரு படிக்கு ஒரு பிடி கலந்த நாளில் அவனுக்கு இலாபமே கிடைத்தது. அந்த இலாபமே கோபுரத்தில் விழுந்த ஆலம்விதை. வாடிக்கையாளர் ஒருவர் பின் ஒருவராய்ச் சொல்லாமலே விலகுவர். கடை அடைக்கும் நாளில் 'காலம் கெட்டுவிட்டது' என்று அவன் கூறுவான். காலம் கெடவில்லை, அவன் அளந்த படிகளே ஒன்றுகூடி அவன்முன் வந்து நின்றன.

தமிழ் வணிகப் பெருமக்கள் இவ்வுண்மையைத் தம் கணக்கேட்டிலேயே பதித்து வைத்தனர். மகமை என்பது அது. நகரத்தார் பெருமக்கள் வாணிக வருவாயில் ஒரு சிறு பங்கை மகமையென ஒதுக்கி அறத்துக்கென்றே தனிக் கணக்கில் வைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சிதம்பரம், மதுரை, திருவண்ணாமலை முதலிய தலங்களில் அவர்கள் செய்த திருப்பணிகளை உலகம் அறியும். அத்திருப்பணிகளின் பின்னே, நாள்தோறும் குறிப்பேட்டில் பிசகாமல் எழுதப்பெற்ற சிறு தொகைகள் நின்றன. ஆண்டிறுதியில் ஐந்தொகை பார்த்து, மிச்சம் இருந்தால் தருமத்துக்கு எடுப்போம் என்று அவர்கள் வைத்திருப்பின், எடுக்கும் ஆண்டு வந்திராது. மிச்சத்துக்கு ஆயிரம் உரிமையாளர் உளர். முன்னரே ஒதுக்கியதற்கு ஒருவரே உரிமையாளர்.

பொருள் உடையோர்க்கே இஃது இயலும் என்று எண்ண வேண்டா. விருதுநகரில் 1889ஆம் ஆண்டில் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளி தோன்றியது. வணிகர் தந்த மகமையோடு, ஊரார் வீடுதோறும் எடுத்து வைத்த பிடியரிசியும் அதனை வளர்த்தது. இல்லத்தரசியர் நாடோறும் உலையில் இடுவதற்கு அளந்த அரிசியினின்று ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இட்டு வைப்பர். அங்ஙனம் சேர்ந்த அரிசியை வீடுவீடாகச் சென்று திரட்டிப் பள்ளிக்குப் பயன்படுத்தினர். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் எவரும் பசித்திருக்கவில்லை. ஊர்ப்பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றனர். அப்பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவர் காமராசர். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கிய காலத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவளிக்கும் திட்டம் நாடெங்கும் பரவியது. பிடியரிசி எடுத்து வைத்த தாய்மார்கள் இதனை எண்ணி எடுத்து வைத்தார்களா? இல்லை. தம் கையால் ஆவதை அன்றன்று செய்தனர்; அவ்வளவே. அது யாரிடம் சென்று எவ்வாறு விளையும் என்பது செய்பவர் அறியக்கூடியதன்று.

சைவ சித்தாந்தம் வினையை மூவகையாகப் பகுத்துக் காட்டும். முன்னைப் பிறவிகளில் ஈட்டிக் குவித்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென்று வந்தது பிராரத்தம். நுகரும்போதே புதிதாக ஏறுவது ஆகாமியம். வணிகர்க்கு இதனை விளக்குவது எளிது. சஞ்சிதம் பழைய இருப்பு. பிராரத்தம் இன்றைய பற்று. ஆகாமியம் இன்றைய புதுவரவு. பழைய இருப்பை இன்று ஒருவனால் மாற்ற இயலாது. வந்த பற்றைக் கொடுத்தே தீர வேண்டும். புதிய ஏட்டில் இன்று எழுதும் வரி ஒன்றே அவன் கையில் உள்ளது. அந்த வரியோ மிகச் சிறியது: பணியாளிடம் சொல்லும் ஒரு சொல், பசித்தவன் வந்தபோது திறக்கும் கதவு, சினம் எழுந்தபோது அடக்கிய ஒரு கணம். ஆயின் இன்றைய ஆகாமியமே நாளைய சஞ்சிதம். சிறிதென்று இகழ்ந்து எழுதிய வரி, பேரேட்டில் ஏறியபின் சிறிதாக இராது. அவ்வரியைச் சிவார்ப்பணமாக எழுதப் பழகியவனுக்கு ஏட்டின் சுமையே இல்லாது ஒழியும் என்பது ஆன்றோர் துணிபு.

கல்வியும் இவ்வாறே. திருவாசகம் 51 பகுதிகளை உடையது. வாரத்துக்கு ஒரு பகுதியை ஓதி வருபவர் ஓராண்டு முடிவதற்குள் நூல் முழுவதையும் ஓதி முடிப்பர். திருக்குறளின் 1,330 பாக்களை நாளுக்கு ஒன்றாகக் கற்பவர் நான்காண்டுக்குள் முற்றும் கற்றவராவர். 'நேரம் இல்லை' என்று கூறுபவர் நூலின் பருமனைப் பார்த்து அஞ்சுகின்றனர். நாளின் அளவைப் பார்ப்பதில்லை.

இங்ஙனம் கூறியதனால் பெருங்கொடையைக் குறைத்துப் பேசியதாகக் கொள்ள வேண்டா. இத்திருக்கோயில் இன்று பொலிவதற்கு அள்ளிக் கொடுத்த வள்ளல்களின் கொடையே காரணம். அக்கொடைக்கு இறைவன் அருள் என்றும் உண்டு. ஆயினும் ஒன்று எண்ணத்தக்கது. குடமுழுக்கு நாளில் ஆயிரம் ஆயிரமாக அடியவர் கூடுகின்றனர். பின்னர் 48 நாள் மண்டலாபிடேகம் நிகழ்கின்றது. அந்நாள்களிலும் விளக்குக்கு நெய் உண்டு, மாலைக்குப் பூ உண்டு, நிவேதனத்துக்கு அரிசி உண்டு. நாற்பத்தொன்பதாம் நாள் என்ன ஆகின்றது?

கும்பத்தின் பொலிவு மங்குவதற்கு முன்பே, அந்திப் பூசைக்கு ஒருவரும் இல்லாத கோயில்கள் நாட்டில் எத்தனையோ உள. அர்ச்சகர் ஒருவர் தனியே நின்று, எஞ்சிய எண்ணெயை எண்ணி எண்ணித் திரியில் இடுகின்றார். கற்பலகையில் உபயகாரர் பெயர்கள் ஒளிர்கின்றன. கருவறையில் விளக்கு மங்குகின்றது. இலட்சம் கொடுத்தவர் வீடு அதே தெருவில் இருக்கவும் கூடும். அவர் கொடுத்தது உண்மை. கொடுத்ததோடு தொண்டு முடிந்தது என்று எண்ணியதே குறை. கோயிலைக் கட்டுவது ஒருமுறை செய்யும் செயல். கோயிலாக வைத்திருப்பது நாடோறும் செய்யும் செயல்.

பொருள் இல்லாத அன்பரும் மனம் தளர வேண்டா. திருநின்றவூர்ப் பூசலார், கோயில் எடுக்கப் பொருள் தேடிக் கிடைக்காது வருந்தி, மனத்திலேயே திருக்கோயில் எடுத்தார். நினைத்த மாத்திரத்தில் கோபுரம் நின்றதென்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. மனத்தினுள்ளும் பொருளைச் சிறுகச் சிறுகத் தேடினார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், உபானம் முதல் சிகரம் வரை, மதில், கிணறு, திருக்குளம் உட்பட, ஒவ்வோர் உறுப்பாக நெடுநாள் அமைத்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த காடவர்கோன் குடமுழுக்குக்குக் குறித்த நாளும், பூசலார் குறித்த நாளும் ஒன்றாக அமைந்தன. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, 'பூசலாரின் ஆலயத்தில் நாளை புகுகின்றோம். நீ வேறு நாள் கொள்க' என்னும் கருத்தை அருளினான். பேரரசன் செல்வம் ஒருபுறம். ஓர் ஏழை அன்பர் நாடோறும் எண்ணி எண்ணி வைத்த கற்கள் மறுபுறம். இறைவன் எதனை முதலில் ஏற்றான் என்பதை அடியார் உலகம் அறியும்.

ஆதலின் அன்பர்களே! இக்குடமுழுக்கின் பயன் நிலைபெற வேண்டுமாயின், ஒவ்வோர் இல்லத்தாரும் இன்று சிறியதொரு நியமத்தை மேற்கொள்வார்களாக. ஒருவர் திருவிளக்குக்கு நாளுக்கு ஒரு கரண்டி எண்ணெய் தரலாம். ஒருவர் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியை அன்னதானத்துக்கு ஒதுக்கலாம். கடை நடத்துவோர் நாட்கணக்கில் முதல் வரியை இறைவனுக்கு எழுதலாம். இளைஞர் வாரத்துக்கு ஒருமுறை உழவாரம் எடுத்துக் கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாம். எது செய்யினும் எளிதாகச் செய்யக்கூடிய அளவில் கொள்க. கொண்டதை விடாது காக்க. ஒருநாள் தவறினும் மறுநாள் சாக்கியர்போல் எழுந்தோடுக.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் இங்குச் சாரம் கட்டும் நாள் வரும். அந்நாளில் மேலேறும் சிற்பி, சுதையின் இடுக்கில் ஓர் ஆலஞ்செடியும் காணாது கீழிறங்கி, 'இவ்வூரார் நாடோறும் கோயிலைப் பார்த்து வந்திருக்கின்றனர்' என்று சொல்வானாயின், இன்றைய குடமுழுக்கு நிறைவெய்தியது அன்றேயாம்.

எல்லாம் வல்ல அம்மையப்பன் திருவருளால் அடியார் அனைவரும் நற்பணியில் நாளும் நிலைத்து வாழ்க.

திருச்சிற்றம்பலம்